கோப்பில் இல்லாத மூன்றாம் ஆள்

சென்னையின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பது அனுமதித் தாமதம்தான் என்கிறார்கள். கட்டுநர் சங்கக் கூட்டங்களில் இது தீர்மானமாக வருகிறது. நாளிதழ்களின் வீட்டுமனை இணைப்புகளில் தலைப்பாக வருகிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் சட்டமன்ற மானியக் கோரிக்கையில் வாக்குறுதியாக வருகிறது. வீடு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் சாதாரணக் குடும்பமும் இதை நம்புகிறது. ஆய்வைச் சுருக்குங்கள், மேசைகளைக் குறையுங்கள், நில உபயோக மாற்றத்தைச் சீக்கிரம் கொடுங்கள், நகரம் தானாகச் சரியாகும் என்பது இந்தக் கருத்தின் சாரம். இது தவறான கருத்து. தவறு என்பதோடு, மழைக்காலத்தில் உயிர் வாங்கக்கூடிய கருத்து.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுநர் கடன் வாங்கி நிலம் வாங்குகிறார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து வட்டி ஓடுகிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ இந்த மாதம் ஒரு கேள்வி கேட்கிறது, அதற்குப் பதில் கொடுத்தால் அடுத்த மாதம் இன்னொரு கேள்வி வருகிறது. உயர்மாடிக் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம், விமானப்படை, குடிநீர் வாரியம், நீர்வளத்துறை என்று ஒவ்வொரு வாசலிலும் தடையில்லாச் சான்றுக்கு நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் யாரோ ஒருவர் கைநீட்டும் இடமாகிறது. வட்டியும் கையூட்டும் கடைசியில் ஃபிளாட் வாங்குபவர் தலையில் விடிகின்றன. அவர் வாடகையும் கட்டிக்கொண்டு இஎம்ஐயும் கட்டுகிறார். சட்டப்படி வீடு கிடைக்காதபோது மக்கள் அங்கீகாரமற்ற மனைகளைத் தேடிப் போகிறார்கள். ஆகவே ஒற்றைச் சாளரம் வேண்டும், சுயசான்று வேண்டும், கெடு முடிந்தால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும்.

இதில் பாதிக்கு மேல் உண்மை. கேள்விகளைத் தவணை முறையில் கேட்பது அநியாயம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவருக்கு இணையவழியில் உடனே அனுமதி தருகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஒரு கிரவுண்டு மனையில் தன் ஆயுள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டுபவரை அலுவலகப் படிகளில் ஏற்றி இறக்குவதில் எந்தப் பொதுநலமும் இல்லை. என் சண்டை அதற்கு அடுத்த தாவலோடுதான். சிறு வீட்டுக்காரரின் அலைச்சலை முன்னால் நிறுத்தி, பத்து ஏக்கர் திட்டத்துக்கும் ஏரிக்கரை நிலத்துக்கும் அதே சலுகையைக் கேட்கிறார்களே, அந்தத் தாவல். அதற்கு என் மறுப்புகள் இவை.

1.

இரண்டு வரிசைகளை ஒரே வரிசையாக எண்ணுகிறார்கள். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 49-ஆம் பிரிவின் கீழ் ஒருவர் திட்ட அனுமதி கேட்கிறார். முழுமைத் திட்டம் தன் நிலத்தில் எதை அனுமதிக்கிறதோ அதைக் கட்ட விரும்புகிறார். வரைபடமும் ஆவணமும் சரியாக இருந்தால் அவருக்கு அனுமதி கிடைப்பது உரிமை. அதைத் தாமதிப்பது குற்றம் என்றே சொல்வேன். அதே சட்டத்தின் 32(4) பிரிவின் கீழ் இன்னொருவர் வருகிறார். அவருடைய நிலம் திட்டத்தில் விவசாய மண்டலமாகவோ, திறந்தவெளியாகவோ, நிறுவன மண்டலமாகவோ குறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாற்றச் சொல்கிறார். முதல் ஆள் சட்டத்தின்படி நடக்க அனுமதி கேட்கிறார். இரண்டாம் ஆள் தனக்காகச் சட்டத்தை மாற்றச் சொல்கிறார். அந்த மாற்றம் அரசிதழில், முழுமைத் திட்டத்துக்கான திருத்தமாகவே வெளியாகிறது.

இரண்டையும் 'நிலுவையில் உள்ள கோப்புகள்' என்று ஒரே கட்டில் கட்டி வைத்துவிட்டுத் தாமதம் பற்றி முறையிடுவது கணக்குப் பிழை. சட்டத்தை மாற்றும் கோரிக்கைக்குச் சட்டத் திருத்தத்துக்கு உரிய நிதானம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கத்தான் செய்யும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: திட்டமே பழையது, அதனால்தான் மாற்றம் கேட்கிறோம் என்பார்கள். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். நடுவில் 32 ஆண்டுகள். அந்தக் காலத்தில் நகரம் வெகுவாகப் பெருத்தது. அவ்வளவு வளர்ச்சியும் பழைய வரைபடத்தின் மேல் ஒட்டுப்போட்ட தனித்தனி மாற்றங்களாலும் விலக்குகளாலும், எந்த அனுமதியும் பெறாமலும் நடந்தது. திட்டம் பழையதானால் புதிய திட்டம் போடுங்கள் என்று அரசை நெருக்குவதே முறை. ஒட்டுகளை இன்னும் வேகமாகப் போடச் சொன்னால் அடுத்த திட்டம் வருவதற்குள் அதற்குத் திட்டமிட இடமே இருக்காது.

2.

விண்ணப்பதாரரும் அலுவலகமும் மட்டும்தான் இதில் இருக்கிறார்களா? விரைவு வேண்டும் என்போரின் படத்தில் இரண்டே பேர்தான்: அனுமதி கேட்பவர், கொடுக்காமல் இழுப்பவர். மூன்றாவதாக ஒருவர் உண்டு. அந்த நிலத்துக்குப் பக்கத்திலும் கீழேயும் ஏற்கெனவே குடியிருப்பவர் அவர். அவருடைய தெருவில்தான் புதிய கட்டடத்தின் கார்கள் இறங்கும். அவருடைய கிணற்றிலிருந்துதான் புதிய ஆழ்துளைகள் நீரை உறிஞ்சும். அவர் வீட்டு வாசலில்தான் வழி அடைபட்ட மழைநீர் நிற்கும். ஒரு திட்டக் குழுமம் ஆய்வு செய்வதன் பொருளே, அந்த அறைக்குள் இல்லாத இந்த ஆளின் சார்பில் கேள்வி கேட்பதுதான். ஆய்வைச் சுருக்கும்போது சுருங்குவது அவருடைய பங்கு.

அந்தப் பங்கு இப்போதே எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நில உபயோக மாற்றத்துக்கு நாளிதழில் ஓர் அறிவிப்பு வரும். ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் உறுப்பினர்-செயலருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றிருக்கும். டெண்டர் விளம்பரங்களுக்கும் தொலைந்த பத்திர அறிவிப்புகளுக்கும் நடுவில், இரண்டு விரல் அகலத்தில் இருக்கும். அதில் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு என்ற விவரம் இருக்கும். தெருப் பெயர் இருக்காது, பக்கத்துக் கோயிலோ பள்ளியோ இருக்காது, வரைபடம் இருக்காது. தன் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்புறக் காலிமனையின் உட்பிரிவு எண்ணைக் கேட்டால் யாருக்குத் தெரியும்? பாதிக்கப்படுபவருக்குப் புரியாத மொழியில் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு, ஆட்சேபணை வரவில்லை என்று கோப்பில் எழுதிக்கொள்கிறோம்.

அப்படியே ஒருவர் கண்டுபிடித்து எழுதினாலும், அவர் கடிதம் எப்படி எடைபோடப்பட்டது என்ற காரண விளக்கம் அவர் கைக்கு வருவது அரிது. தொழில்நுட்பக் குழு பார்க்கிறது, பிறகு அமைச்சர் தலைமையிலான குழுமம் முடிவெடுக்கிறது. பகுதி மக்களை அவர்கள் பகுதியிலேயே உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்கும் வழக்கம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதல் இனமே நகரத் திட்டமிடல்தான். அது உள்ளாட்சிக்கு உரியது என்பதே அதன் நோக்கம். சென்னையிலோ 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது. அந்தக் காலம் முழுவதும் வார்டு மக்கள் முறையிடக் கவுன்சிலர்கூட இல்லாமல் நில உபயோக மாற்றங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. இந்த நடைமுறையில் பொதுமக்களின் குரல் அளவுக்கு மீறிப் போய்விட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்று யாரால் நெஞ்சறிந்து சொல்ல முடியும்?

3.

ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றது. நம் ஆய்வு முறையின் ஆகப் பெரிய கோளாறு இதுதான். வேகம் இதை மோசமாக்கும். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளைத் தாண்டி இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இந்த நீர்ப்பரப்பில் 2022-இல் ராம்சர் இடமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்க மிஞ்சியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். மீதி நிலத்தை ஒரே நாளில் ஒரே ஆள் விழுங்கிவிடவில்லை. குப்பை மேடு, அரசு நிறுவனங்கள், ரயில் பாதை, ஐடி வளாகங்கள், அடுக்குமாடிகள், தனி வீடுகள் என்று துண்டு துண்டாகப் போயிற்று.

ஒரு துண்டு எப்படிப் போகிறது? தாழ்நிலத்தில் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் வருகிறது. வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத்துறையின் கருத்து கேட்கப்படுகிறது. துறையின் தடையில்லாச் சான்று நிபந்தனைகளோடு வரும். அதில் வழக்கமான நிபந்தனை, மனையை இன்ன மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்பது. அந்த மனையில் குடிவரப்போகிறவருக்கு அது நல்ல நிபந்தனைதான். அவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும் நிலத்தில் ஓர் ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தினால், அங்கே நின்றிருக்க வேண்டிய 40 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறிடம் பார்த்துப் போகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 330 லோடுக்கு மேல். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு. பத்து ஏக்கர் வளாகத்துக்குப் பத்து மடங்கு. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி அந்தக் கோப்பில் எழுவதே இல்லை, ஏனென்றால் அது வேறொருவர் நிலத்தைப் பற்றிய கேள்வி.

அது போகும் இடம் எது என்று வேளச்சேரியின் பழைய தெருக்களில் நடந்தால் தெரியும். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில், சாலையிலிருந்து படி இறங்கி வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. கட்டும்போது அந்த வீடுகள் சாலையைவிட உயரமாகத்தான் இருந்தன. பக்கத்து மனைகள் உயர்ந்தன, சாலை மேல் சாலை போட்டார்கள், வீடு அப்படியே நின்றது. ஒவ்வொரு நவம்பரிலும் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துகிறார்கள், பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்கிறார்கள், காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நாங்கள் எந்த அனுமதியும் கேட்கவில்லையே, எங்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அவர்கள் கேட்டால், எந்த அதிகாரியிடமும் பதில் இருக்காது. அவரவர் கோப்பு அவரவர் அளவில் சரியாகத்தான் இருக்கிறது.

அரசே இந்தத் தவற்றில் முன்னோடி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டு வசதி வாரியம் ஏரி நிலங்களில் மனைப்பிரிவு போட்டு, அவற்றுக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர் வைத்து விற்றது. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தாழ்நிலத்தில் குடியமர்த்தியதும் அரசுதான். 2015 டிசம்பர் வெள்ளம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே வகைப்படுத்தியது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். திறந்துவிட்ட தண்ணீர் போக வழி இருந்ததா என்பது அதே அளவுக்கு முக்கியமான கேள்வி. அதற்கான பதில் பல்லாண்டுகளாகத் தனித்தனி கோப்புகளில் எழுதப்பட்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பள்ளிக்கரணை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை, தாக்கப் பகுதி வரையறுக்கப்படும் வரையில், அனுமதி தரக்கூடாது என்றது. கட்டுநர்களும் ஃபிளாட் வாங்கியவர்களும் அதிர்ந்துபோனார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தத் தடங்கல் எங்கிருந்து வந்தது? 2022-இல் ராம்சர் அறிவிப்பு வந்த கையோடு எல்லையையும் தாக்கப் பகுதியையும் அளந்து வரைபடத்தில் போட்டிருந்தால், யாரும் தெரியாமல் பணம் போட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருடம் அந்த வேலை முடியவில்லை. அந்த இடைவெளியில் கோப்புகள் மட்டும் நகர்ந்தன. ஆய்வு அதிகமாக இருந்ததால் வந்த தாமதம் இல்லை இது. செய்ய வேண்டிய ஆய்வைச் செய்யாததால் வந்தது.

4.

அனுமதி தாமதமாவதால்தான் விதிமீறல் பெருகுகிறது என்ற வாதம் நம்பும்படியாகத் தெரியும், ஆனால் நிற்காது. மீறல்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தாலே போதும். பக்க இடைவெளி விடுவதில்லை. வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய தளம் கடையாகிறது. நான்கு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழும்புகிறது. இவை எதுவும் காலத்தை மிச்சப்படுத்தச் செய்தவை அல்ல. எல்லாமே பரப்பைக் கூட்டச் செய்தவை. அனுமதி ஒரே நாளில் கிடைத்திருந்தாலும் அந்தக் கூடுதல் மூன்று தளத்தை அவர் கட்டியிருப்பார், ஏனென்றால் அதற்கு அனுமதியே கிடைக்காது.

மீறலை வளர்த்தது மன்னிப்பு. 1998-இல் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். ஒருமுறை மட்டும் என்றுதான் அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. பிறகு 2000, 2001, 2002 என்று அடுத்தடுத்து நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. அதன் பிறகும் 113-சி வந்தது. இம்முறை கெடுநாள் 2007 ஜூலை 1. அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 என்று இன்னொரு கெடு. இந்த வரிசையைப் பார்க்கும் எந்த வியாபாரியும் என்ன முடிவுக்கு வருவார்? வரிசையில் நின்று, வரைபடப்படி கட்டி, இடம் விட்டவர் நஷ்டப்பட்டார். மீறியவர் வாடகை வாங்கிக்கொண்டே அடுத்த கெடுவுக்காகக் காத்திருந்தார்.

தியாகராய நகரில் 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறல் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் வியாபாரத்துக்காக உச்ச நீதிமன்ற அனுமதியோடு அவை மறுபடி திறந்தன. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடைக் கட்டடம் தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்து இடிந்தது. விடிகாலையில் பற்றியதால் வாடிக்கையாளர் கூட்டம் உள்ளே இல்லை. மாலை ஏழு மணிக்கு, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அது நடந்திருந்தால் என்று எண்ணிப்பார்க்கவே நடுங்குகிறது. தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றிவர விடும் இடைவெளியைக் காகிதச் சம்பிரதாயம் என்று பேசுபவர்கள் அந்தச் சாலையில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்க்கட்டும்.

5.

விரைவு அனுமதி வீட்டு விலையைக் குறைக்கும் என்பது கடைசி அம்பு. இரண்டு செலவுகளை இதில் கலக்கிறார்கள். தாமதத்தின் வட்டி விலையில் ஏறுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஃபிளாட்டின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பக்கத்து ஃபிளாட் என்ன விலைக்குப் போகிறது என்பதே. வட்டி மிச்சமானால் அதை வாங்குபவருக்குக் கொடுக்கும் கட்டாயம் யாருக்கும் கிடையாது. நில உபயோக மாற்றத்திலோ கதையே வேறு. விவசாய நிலத்தின் விலைக்கு வாங்கிய ஏக்கர், அரசிதழ் அறிவிப்பு வந்த அன்றே குடியிருப்பு நிலத்தின் விலைக்கு ஏறுகிறது. ஒரு செங்கல் வைக்காமலே கிடைக்கும் அந்த உயர்வு நிலத்தை முன்கூட்டி வாங்கிப் போட்டவருக்குப் போகிறது. வீடு வாங்குபவர் அந்த உயர்வுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்.

வீடுகளின் எண்ணிக்கை கூடினால் விலை குறையும் என்று சொல்வார்கள். கூடட்டும். ஆனால் வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டும்தானா? பழைய மகாபலிபுரம் சாலையில் எத்தனை வளாகங்கள் டேங்கர் தண்ணீரில் ஓடுகின்றன, எத்தனை வளாகங்களின் கழிவுநீர் லாரியில் போகிறது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். குழாயும் சாக்கடையும் வருவதற்குப் பல வருடம் முன்பே அனுமதி வந்துவிட்டது. சாவியைக் கொடுத்ததோடு கட்டுநரின் கணக்கு முடிந்தது. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணத்தில் டேங்கர் பில் கட்டுவது குடியிருப்போர் சங்கம். தாமதத்தால் விலை கூடியது என்கிறவர்கள், அவசரத்தால் ஆயுள் முழுக்கக் கட்டும் இந்தத் தொகையைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

6.

ஆய்வு இருக்கும் வரை லஞ்சம் இருக்கும், ஆகவே ஆய்வை எடுத்துவிடு என்பதும் பரவலாகப் பேசப்படுகிறது. கெடு முடிந்தால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளும் 'டீம்டு அப்ரூவல்' கோரிக்கை இதிலிருந்துதான் பிறக்கிறது. அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். இன்று கோப்பை நகர்த்தக் காசு கேட்பவர், நாளை கோப்பைத் தூங்கவிடக் காசு வாங்குவார். கெடு தாண்டும் வரை அவர் எதையும் படிக்காமல் இருந்தால் போதும். கையொப்பம் இல்லை, குறிப்பு இல்லை, காரணம் இல்லை. பின்னால் கட்டடம் விழுந்தால் யார் அனுமதித்தார் என்று கேட்க ஆளே இல்லை.

கட்டடம் விழுந்தால் என்று சும்மா சொல்லவில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பிழைக்க வந்த கட்டுமானத் தொழிலாளிகள் அவர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். ஆனால் நம் நடைமுறையில் திட்ட அனுமதி கட்டமைப்பு உறுதிக்குச் சான்று இல்லை. அந்தப் பொறுப்பு கட்டுநரின், அவர் அமர்த்திய பொறியாளரின் கையொப்பத்தோடு நின்றது. உயரமான கட்டடங்களில் சுயசான்றின் எல்லை எது என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை. லஞ்சத்துக்கு மருந்து வெளிச்சம். ஒவ்வொரு கோப்பின் வரைபடம், துறைகளின் கருத்துகள், தொழில்நுட்பக் குழுவின் குறிப்பு, வந்த ஆட்சேபணைகள், அவை ஏற்கப்பட்டதற்கோ தள்ளப்பட்டதற்கோ காரணம் எல்லாவற்றையும் முடிவுக்கு முன்பே இணையத்தில் போட்டுவிட்டால், எந்த மேசையில் எதற்காக நின்றது என்று விண்ணப்பதாரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இப்படியெல்லாம் மறுத்தால், சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரித்திருக்கிறார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் வயல்களும் இப்போது இந்தக் கோடுகளுக்குள் வந்துவிட்டன. அடுத்து, 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் வரவிருக்கிறது. அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து 32(4) விண்ணப்பங்களைத் தனித்தனியாக எடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரே வடிநிலத்துக்குள் வரும் விண்ணப்பங்கள் அனைத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு இருமுறை, ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனை ஏக்கர் உயர்ந்தால் இத்தனை தண்ணீர் எங்கே போகும் என்ற கணக்கை நீர்வளத்துறை எழுத்தில் தர வேண்டும். மாற்றம் கோரும் நிலத்தில், தெருவில் போகிறவர் படிக்கும்படி, தமிழில், வரைபடத்தோடு பலகை வைக்க வேண்டும். அந்த வார்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும், கவுன்சிலர் அங்கே இருக்க வேண்டும். ஏரி, ஓடை, சதுப்பு, நீர்ப்பிடிப்பு என்று திட்டத்தில் குறித்த நிலத்துக்கு மாற்ற விண்ணப்பத்தையே வாங்கக்கூடாது.

இதனால் ஆறு மாதம் கூடுதலாகுமே என்று கேட்டால், ஆம், ஆகும், நில உபயோக மாற்றம் கேட்பவருக்கு மட்டும். திட்டத்தில் உள்ளபடி கட்டுபவருக்கு எல்லாக் கேள்விகளையும் ஒரே தடவையில் கேட்டு, கெடுவுக்குள் கையொப்பமிட்ட முடிவைக் கொடுங்கள். ஒரு கிரவுண்டில் வீடு கட்டுபவருக்கு இன்றுபோலவே அன்றைக்கே கொடுங்கள். வயலாக வாங்கிய நிலத்தை நகரமாக விற்கப் போகிறவர் ஆறு மாதம் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பின் வட்டி, கீழ்ப்பக்கத் தெருவில் ஒவ்வொரு வருடமும் நனையும் வீடுகளின் செலவைவிடக் குறைவு.